ஓதம் பார்க்கிறவர்

என் வீட்டுக்காரர் லோகநாதனுக்குச் சந்தேகம்தான் தொழில். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய விசிட்டிங் கார்டிலேயே ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருக்கிறது: 'சுவர் ஓதம், கூரைக் கசிவு, பாத்ரூம் ஈரம் – எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தரப்படும்.' அடைத்துத் தரப்படும் என்று போடவில்லை. அடைப்பதற்கு ஊர்ப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். வழியைக் கண்டுபிடிக்க ஆவடி முதல் ஐயப்பன்தாங்கல் வரைக்கும் தான் ஒருவன்தான் என்பது அவர் நினைப்பு. அதில் பாதி உண்மையும் இருக்கிறது.

நூம்பலில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம் அவருடையது. வயல் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகி, இப்போது அந்த மாடிகளில் வெளியூரிலிருந்து வந்த ஐடிக்காரர்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவர் பொரிந்து உதிரும்போது இவரைக் கூப்பிடுகிறார்கள். "தண்ணி நின்ன எடத்துல ஊட்ட கட்டிக்கினு, தண்ணி வருதுன்னு கத்துனா இன்னா அர்த்தம்" என்று வண்டியில் போகும்போது என்னிடம் சொல்வார். அவர்களிடம் சொல்ல மாட்டார்.

வேலைக்குப் போன இடத்தில் யார் சொல்வதையும் நம்ப மாட்டார். வீட்டுக்காரர் மேல்மாடியைக் கைகாட்டுவார், மேல்மாடிக்காரர் மொட்டைமாடியைக் கைகாட்டுவார், பில்டர் மழையைக் கைகாட்டுவார். இவர் காதில் செருகியிருக்கும் தச்சுப் பென்சிலை எடுத்து, ஓதம் எதுவரை பரவியிருக்கிறதோ அதன் ஓரமாகவே சுவரில் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார். பதினாலு நாள் கழித்துப் போய்ப் பார்ப்பார். ஈரம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, உள்ளே சுருங்கியிருக்கிறதா, தாண்டியது எந்தப் பக்கம் என்று பார்த்து மூலத்தைப் பிடிப்பார். பிடித்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம், மறுபடியும் தேதி. அதற்கப்புறம்தான் விசேஷம். அந்தக் கசிவுக்கு யார் பொறுப்போ அவரை அழைத்துவந்து, வட்டத்துக்குப் பக்கத்தில், சுவரிலேயே, கையெழுத்து வாங்குவார்.

"நாளைக்கு நான் இல்லேம்பான்" என்பது அவர் சொல்லும் காரணம். இந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் புதுப் பெயின்டுக்கு அடியில் எத்தனையோ பேருடைய கையெழுத்து இருக்கிறது.

போன வருடம் நூம்பலில் மனோகரன் என்பவருடைய வீட்டுப் படுக்கையறைச் சுவர் ஊறிப்போனது. திருநெல்வேலிக்காரர், பாவம், மூன்று முறை கொத்திப் பூசிவிட்டார். அந்தச் சுவருக்குப் பின்னால் ஓடுகிற தண்ணீர்க் குழாயே கிடையாது. எல்லாரும் அடித்தளத்து ஈரம் என்று கைவிட்டுவிட்டார்கள். இவர் இரண்டு தடவை கோடு போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு மூலையைக் கொத்தச் சொன்னார். உள்ளே ஒரு குழாய் இருந்தது. முன்பு வாஷிங் மெஷினுக்காகப் போட்டு, வேண்டாம் என்று மூடியைத் திருகிப் பூசிவிட்ட குழாய். ஆறு வருடமாக யாரும் பயன்படுத்தாதது. அந்த மூடியின் ஓரமாக முத்து முத்தாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"செத்த லைன் சார். ஓடுற லைன எல்லாரும் பாப்பான். செத்த லைன ஒருத்தனும் பாக்க மாட்டான்" என்று மனோகரனிடம் சொல்லிவிட்டு வந்தாராம். அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டே எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு நன்றாகவே இறங்கியது.

வீட்டிலும் இதே குணம்தான். தயிர்க்காரர் மேல் சந்தேகம், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மேல் சந்தேகம், திருவேற்காடு ஷேர் ஆட்டோக்காரர் சுற்றிக்கொண்டு போகிறார் என்று சந்தேகம். அது என்ன, திருவேற்காட்டுக்கு ஒரே வழிதானே இருக்கிறது என்று நான் கேட்டால், என் மேலும் ஒரு பார்வை. எங்கள் கல்யாணத்தன்று மணவறையில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, "பின்னாடி செவுத்துல சாயாதே, ஓதம் கீது" என்பதுதான். சாய்ந்தேன். பட்டுப்புடவையில் சுண்ணாம்பு ஒட்டியது. அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும், இந்த மனிதர் எரிச்சல் மூட்டுவார், பெரும்பாலும் சரியாகவும் இருப்பார் என்று.

ஒன்பது வருடமாகக் குழந்தை இல்லை. எனக்கு முப்பத்தாறு வயது, பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. பிள்ளை இல்லாததை இந்த ஒரு வரியோடு விட்டுவிடுகிறேன். அதைப் பற்றி மற்றவர்கள் என்னிடம் விசாரித்த தினுசுகளை எழுத ஆரம்பித்தால் வேறு எதையும் எழுத முடியாது.

கடைசியில் டாக்டர் ரேஷ்மாவிடம் போனோம். என் முட்டையும் என் வீட்டுக்காரரின் விந்தணுவும் கண்ணாடித் தட்டில் சேர்ந்து மூன்று கரு தேறியது. மூன்றையும் உறைய வைத்தார்கள். ஒன்றை எடுத்து என் கர்ப்பப்பையில் வைத்தார்கள், ஒட்டவில்லை. சில மாதம் கழித்து இரண்டாவதை வைத்தார்கள், அதுவும் ஒட்டவில்லை. இன்னொரு முறை ஊசி போட்டு முட்டை எடுக்கலாமா என்று கேட்டேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி எடுக்கிற அளவுக்கு முட்டை இல்லை என்று சொன்னார். ஆக, எங்களுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு கருதான்.

அதை வைக்கிற நாளுக்குக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் நன்றாகத் தெரியும் என்று ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். நர்ஸ் கலைவாணி என் தலைமாட்டில் நின்றார். டாக்டர் வயிற்றில் கருவியை வைத்து ஓட்டினார், நிறுத்தினார், திரும்பவும் ஓட்டினார். திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவில் ஒரு மெல்லிய கறுப்புக் கீற்று.

"கர்ப்பப்பைக்குள்ள தண்ணி நிக்குது ஜெயப்பிரியா. மூணு மில்லிமீட்டர் இருக்கு. இன்னைக்கு வைக்க வேணாம்" என்றார். லேபுக்குப் போன் செய்து, கருவை வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முதல் சந்தேகம் உடனே வந்தது.

"ஒரு லிட்டரு குடிச்சியே, அதுதான் உள்ள தெரியுதோ?"

"அது வேற பை, இது வேற பைங்க."

"ரெண்டுக்கும் நடுவுல இன்னா, காங்கிரீட்டா கீது?"

வண்டியை எடுத்தார். வேலப்பன்சாவடி தாண்டும்வரை பேசவில்லை. இவர் பேசாமல் வந்தால் உள்ளே எதையோ கொத்திக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே சொன்னார்:

"எம்ப்ரியோவ வெளிய எடுக்கவே இல்லன்னு சொன்ன இல்ல?"

"ஆமா."

"எடுத்தாத்தான தெரியும், அது அங்க கீதா இல்லியான்னு. இல்லாததுக்கு இன்னா சொல்லுவான்? தண்ணி நிக்குதும்பான்."

எனக்கு அந்த நிமிடம் அவரை அறையலாம் போல இருந்தது. ஆனால் அன்று மதியமே எனக்கும் அது தொற்றிக்கொண்டது. டாக்டர் ஏன் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்? லேபுக்குப் போன் செய்தபோது ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்? கலைவாணி என் தோளை ஏன் அத்தனை நேரம் தடவினார், வழக்கமாகத் தடவ மாட்டாரே? கரண்ட் போய் உறைநிலை கெட்டுவிட்டதா? வேறு யாருக்காவது வைத்துவிட்டார்களா? மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் டிசி எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பையனின் அப்பா பெயரை இரண்டு தடவை தப்பாக எழுதினேன். ஒன்பது வருடம் இந்த மனிதரைக் கிண்டல் செய்தவள், ஒரே நாளில் அவரைவிட மோசமாக ஆகிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பூந்தமல்லியில் வேறொரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நேத்து நடந்தத ஒண்ணும் சொல்லாதே. சொம்மா பாக்கணும்னு சொல்லு" என்று பாடம் வேறு நடத்தினார். நான் சொல்லவில்லை. அங்கிருந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, உள்ளே நீர் எதுவும் இல்லை என்றார்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஜெயித்த களை வந்தது. மூலத்தைப் பிடித்துவிட்டால் வருகிற அதே களை. தண்ணீர் பொய் என்றால், கரு இல்லை என்பதுதானே உண்மை. அவர் ஜெயித்தால் நான் தோற்றேன். அது அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை.

"ஆதாரம் அழியக் கூடாது" என்றார். இரண்டு ஸ்கேன் படத்தையும் குமணஞ்சாவடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்யக் கொடுத்தார். ஸ்கேன் படம் வருகிற அந்த வழவழப்பான தாளில் சூடு பட்டால் கறுத்துவிடும் என்பது அவருக்கும் தெரியவில்லை, கடையில் இருந்த வசந்தகுமாரி அக்காவுக்கும் தெரியவில்லை. ஒரு பக்கம் தாள் நுழைந்தது, மறுபக்கம் கரிப்பலகை வந்தது. இரண்டாவதையாவது நிறுத்தியிருக்கலாம். அந்த அக்கா பதற்றத்தில் அதையும் விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் இவர் என் காதில் கேட்டார்: "இந்தம்மாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்னா சம்பந்தம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ரோட்டிலேயே இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

மறுநாள் அந்த இரண்டு கறுப்பு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டர் ரேஷ்மாவின் மேஜையில் போட்டார். கலைவாணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. அந்த வகையில் பெரிய மனசு. என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, முதலில் எங்களை லேபுக்கு அழைத்துப்போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பால் கேன் மாதிரி ஒரு பெரிய பாத்திரம் இருந்தது. பதிவேட்டில் என் பெயர், பாத்திரத்தின் எண், அதற்குள் எந்தக் குழலில் எந்த நிறக் குச்சியில் கரு இருக்கிறது என்பதெல்லாம் இருந்தது. மூன்று குச்சியில் இரண்டுக்கு நேரே எடுத்த தேதி எழுதியிருந்தது. மூன்றாவதற்கு நேரே காலியாக இருந்தது.

"தொறந்து காட்டுங்க மேடம். பாத்துட்டு போயிடறேன்" என்றார் இவர்.

"சும்மா பாக்குறதுக்காக வெளிய எடுத்தா கருவுக்கு ஆபத்து சார். எடுத்தா வைக்கிறதுக்காகத்தான் எடுக்கணும்."

கொத்திப் பார்க்க முடியாத ஒன்றை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார். கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். எனக்கு அவர் மேல் அப்போது இரக்கமாகக்கூட இருந்தது.

அறைக்குத் திரும்பியதும், "அப்ப பூந்தமல்லியில ஏன் தண்ணி இல்ல?" என்று கேட்டார்.

"இருந்தது போயிருக்கும் சார். கர்ப்பப்பையோட உள்சுவத்துல வரிசையா செல்லுங்க இருக்கு. ஒவ்வொண்ணுலயும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கதவுங்க. சில கதவு உப்பைப் பைக்குள்ள தள்ளும். சில கதவு பைக்குள்ள இருக்கிற உப்பைத் திரும்ப இழுத்துக்கும். தண்ணிக்குன்னே தனிக் கதவும் உண்டு. உப்பு எந்தப் பக்கம் போகுதோ, தண்ணியும் அந்தப் பக்கம் போகும்."

என் வீட்டுக்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். அவரை எனக்குத் தெரியும். உப்பு என்ற வார்த்தையில் அவர் விழுந்துவிட்டார்.

"செவுத்துலயும் அப்படித்தான் மேடம். ஓட்டையே இருக்காது. உப்பு பூத்துச்சுன்னா அது ஈரத்த இழுத்துக்கினே இருக்கும். இத்த சொன்னா எவனும் நம்ப மாட்டான்."

"நான் நம்புறேன்" என்றார் டாக்டர். "கரு வர்றதுக்கு முன்னாடி பைக்குள்ள கொஞ்சம் ஈரம் வேணும். ஆனா கரு ஒட்டுற நேரத்துல இழுக்கிற கதவுங்கதான் அதிகமா வேலை செய்யணும். உப்பு சுவத்துக்குள்ள போகும், தண்ணி பின்னாடியே போகும், ரெண்டு பக்கச் சுவரும் நெருங்கி வந்து கருவை நடுவுல புடிச்சுக்கும். தண்ணி நின்னா அது ஒட்டாம மிதந்துக்கிட்டே இருக்கும்."

"அந்தக் கதவ யாரு தொறக்கறது? செவுரா, எம்ப்ரியோவா?"

டாக்டர் அவரைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "ரெண்டும்தான். உடம்புல சுரக்கிற ஹார்மோன் ஒரு பக்கம். எலிங்களை வெச்சுப் பாத்ததுல, கருவே ஒரு பொருளை வெளிய விட்டு அந்தக் கதவைத் தூண்டுறதாத் தெரியுது. மனுஷங்ககிட்ட இது எவ்வளவு தூரம்னு இன்னும் முழுசாத் தெரியாது."

"அப்ப, உள்ள வர்றதே தன் எடத்த தானே காய வெச்சிக்குதா" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி, அவருடைய தொழிலுக்கே உரிய கேள்வியைக் கேட்டார்: "சரி. ஒரு நாள் நிக்குது, ஒரு நாள் காயுது. அப்ப எங்கிருந்தோ புதுசா வந்துக்கினே கீது. எங்கேருந்து வருது?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்" என்றார் டாக்டர். ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

"எனக்கு மொத்த ஃபைலும் ஜெராக்ஸ் வேணும். மொதல் நாள்லேருந்து. உங்க ஆளுங்க எங்கியோ ஒரு எடத்துல வுட்டுக்கீறாங்க. நானே கண்டுபுடிக்கறேன்" என்றார் இவர்.

டாக்டர் மறுக்கவில்லை. நூற்றுச்சொச்சம் பக்கம். அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்தேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முதல் கரு ஒட்டாமல் போனபோது, அன்றைய ஸ்கேனில் லேசாக ஏதோ தெரிந்ததாகவும், சாயம் செலுத்திக் கருக்குழாய்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். குழாய் வீங்கி அடைத்திருந்தால் அதற்குள் சேருகிற நீர் திரும்பக் கர்ப்பப்பைக்குள் வடியும் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. "குழாய் வழியா போகாம, நேரா பைக்குள்ள வைக்கத்தான இவ்ளோ பாடும்? அப்புறம் குழாய எதுக்கு பாக்கணும்? இல்லாத வேலைய இழுத்து வுடறாங்க" என்றார். யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயம்தான். அதனால்தான் யாராலும் அவரை அசைக்க முடியவில்லை. பரிசோதனை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம். அப்புறம்தான் இரண்டாவது கருவை வைத்தோம்.

டாக்டர் அதை எங்களிடம் சொல்லிக் காட்டவே இல்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஸ்கேனில் தண்ணீர் தெரிந்த அந்த நிமிடமே எனக்கு நினைவு வந்தது. ஆனால் என் வீட்டுக்காரரே வந்து முட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு கொடூரமான ஆசை எனக்குள் இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார், காதில் பென்சில். ஒவ்வொரு பக்கத்தையும் சுவரைத் தடவுகிற மாதிரி விரலால் தடவிப் படித்தார். தேதி ஒத்துப்போகாத இடத்தில் கோடு போட்டார். கலைவாணியின் கிறுக்கல் ஒன்றுக்குக் கேள்விக்குறி போட்டார். நான் எதிரே உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். எழுபது, எண்பது பக்கம் ஆகியிருக்கும். திடீரென்று எனக்கு அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்துவிடலாம் போல இருந்தது. இந்த மனிதர் அதைப் படிக்க வேண்டாம், தயிர்க்காரரையே சந்தேகப்பட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கட்டும் என்று தோன்றியது.

அவர் கை ஒரு பக்கத்தில் நின்றது.

'கருக்குழாய் பரிசோதனைக்கு ஆலோசனை கூறப்பட்டது. காரணம் விளக்கப்பட்டது. தம்பதியர் மறுத்துவிட்டனர்.' அதன் கீழே லோகநாதன் என்று பெரிய எழுத்தில் ஒரு கையெழுத்து. அதற்கும் கீழே சின்னதாக என்னுடையது.

அவர் அந்தப் பக்கத்தை முழுவதும் படித்தார். தேதியைப் பார்த்தார். இரண்டாவது கரு வைத்த நாளின் தாளைத் தேடி எடுத்து, அந்தத் தேதியையும் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"செத்த லைனு" என்றார்.

நான் அவரைக்காயை ஒதுக்கி வைத்தேன்.

"மனோகரன் ஊட்டுல அவ்ளோ பேசனேன் இல்ல."

காதிலிருந்து பென்சிலை எடுத்து, தன் கையெழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஒழுங்கான வட்டம். பக்கத்தில் தேதி எழுதினார். பொறுப்பாளியின் கையெழுத்து வாங்க வேண்டிய இடம் அது. கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதனால் பென்சிலை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

நான் அந்தப் பென்சிலை எடுத்தேன். என் கையெழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். எனக்கு அவ்வளவு ஒழுங்காக வரவில்லை.

"நீ ஏம்மே போடற? நீ எக்ஸ்ரே எடுத்துக்கறேன்னுதான சொன்ன?"

"வாயால சொன்னேன். அந்த எக்ஸ்ரே ரொம்ப வலிக்கும்னு ஸ்கூல்ல ஜமீலா டீச்சர் சொல்லியிருந்தாங்க. வலியைவிட, என் உடம்புலதான் கோளாறுன்னு அதுல தெரிஞ்சிடுமோன்னு பயம். நீங்க வேணாம்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுங்க. இத்தனை நாளா பழியை மட்டும் உங்க மேல போட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். சந்தேகப் பார்வை இல்லை. இவ்வளவு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததும் அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் வட்டங்களைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரேவில் இடது பக்கக் குழாய் வீங்கிக் கிடந்தது தெரிந்தது. வலி இருந்தது, ஜமீலா டீச்சர் சொன்ன அளவுக்கு இல்லை. ஜூன் மாதம் சின்னத் துளை போட்டு, அந்தக் குழாய் கர்ப்பப்பையோடு சேருகிற இடத்தில் கிளிப் போட்டு மூடினார்கள். எந்தக் கம்பெனி கிளிப், கழன்று வருமா, துருப்பிடிக்குமா என்றெல்லாம் என் வீட்டுக்காரர் விசாரித்தார். விசாரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் மறுபடி ஒரு லிட்டர் தண்ணீர், மறுபடி அதே மேஜை. இந்தத் தடவை திரையில் கறுப்புக் கீற்று இல்லை. இரண்டு பக்கச் சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. கடைசிக் கருவை வைத்தார்கள்.

பதினாலு நாள் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். பதினாலு நாள் காத்திருக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குத்தான் நாள் நகரவில்லை. பதினைந்தாம் நாள் போனில் நல்ல செய்தி வந்தது. நம்பாமல் நேரில் போய் ரிப்போர்ட்டை வாங்கிவந்தார். இரண்டு நாள் கழித்து வேறு லேபில் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். நானும் மறுக்காமல் கையை நீட்டினேன். எனக்கும் நம்பிக்கை வரவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து ஸ்கேன். அவரையும் உள்ளே விட்டார்கள். என் கால்மாட்டில், என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் கருவியை வைத்ததும் திரையில் சாம்பலுக்கு நடுவே சுண்டைக்காய் அளவு வட்டமாக ஒரு கறுப்பு தெரிந்தது. ஸ்கேனில் கறுப்பு என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். என் பாதத்தில் அவர் பிடி இறுகியது.

"மேடம், தண்ணி கீது" என்றார்.

"இருக்கணும் சார்" என்றார் டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது குழந்தையைச் சுத்தி இருக்கிற தண்ணி. இது இல்லேன்னாதான் நாம பயப்படணும். நடுவுல பாருங்க, துடிக்குதா?"

கறுப்புக்குள் அரிசி அளவு ஒரு வெளுப்பு துடித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் திரைக்குப் பக்கத்தில் போய், மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார். டாக்டர் அவரை விலகச் சொல்லவில்லை. கலைவாணி இந்தத் தடவை சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படத்தை அச்செடுத்துக் கொடுத்தார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். அந்தக் கறுப்பைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டு, தேதி எழுதி, படத்தை என் மடியில் வைத்தார்.

"கையெழுத்து போடு" என்றார். "நாளைக்கு நான் இல்லேன்னு சொல்லக் கூடாது."

வட்டத்துக்குப் பக்கத்தில் போட்டேன். அவரும் வாங்கி, எனக்குக் கீழே, சின்னதாகப் போட்டார். அந்தப் படத்தை நாங்கள் லேமினேட் செய்யவில்லை.